அம்மா கொடுத்த நற்சான்றிதழ்

எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு இருப்பதாக 41 வயதில் ஒரு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இதையெல்லாம் முகநூலில் எழுதாதே, வங்கி வேலையில் இருப்பவள், நாளைக்கு ஏதாவது பேச்சு வரும் என்றார் வீட்டுக்காரர். எட்டு மாதம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் ஒரு மாதம் யோசித்தேன், ஏழு மாதம் மறந்துவிட்டேன்.

ஆரம்பம் நான் இல்லை, அண்ணன் மகன். ஒன்பது வயது. வகுப்பில் எழுத மாட்டான், மைக் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பரிசோதித்துப் பார்க்கச் சொல்லிப் பள்ளியிலிருந்து அனுப்பினார்கள். அண்ணன் வர மறுத்துவிட்டான். "அவனுக்கு ஒண்ணும் இல்ல. நான் அந்த வயசுல இதவிட மோசம்" என்றான். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணியும் நானும்தான் பையனை அழைத்துப் போனோம்.

முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் மூன்று நாள், மூன்று தடவையாக உட்கார வைத்து, விளையாட விட்டு, பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். அண்ணியிடம் அவன் வயிற்றில் இருந்த காலத்திலிருந்து கேட்டார்கள். வகுப்பு ஆசிரியைக்குத் தனியாக ஒரு படிவம். இந்திய அளவுகோல் ஒன்று இருக்கிறது, ஐஎஸ்ஏஏ என்பார்கள். 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம் என்று கணக்கு. அரசுச் சான்றிதழுக்கும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். பையனுக்கு ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டுமே இருப்பதாக முடிவு வந்தது. 2013 வரை அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேடு இந்த இரண்டையும் ஒரே ஆளுக்குச் சேர்த்து எழுத அனுமதிக்கவில்லை. ஐந்தாம் பதிப்பில்தான் அந்தத் தடை போனது.

நம் அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்கு ஒரு பெயர் உண்டு: 'புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்'. எங்கள் பையனுக்கு சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகிற பேருந்துகளின் எண்ணும் நேரமும் மனப்பாடம். ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் இரண்டு நிமிடம் தாமதமானால் அவனுக்குத்தான் முதலில் தெரியும். அவனுக்கு இருப்பது புற உலக சிந்தனை மட்டும்தான். அந்தப் பெயரை வைத்தவர் அவனோடு ஒரு மாலை உட்கார்ந்திருக்கலாம்.

கடைசி நாள் உளவியலாளர், "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா?" என்று கேட்டார். அண்ணி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டோக்கனைத் தொலைத்துவிட்டுக் கைப்பையைத் தரையில் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு உலக சுகாதார நிறுவனத்தின் பெரியவர்களுக்கான வினாப்பட்டியலைப் போனில் நிரப்பினேன். 18 கேள்விகள். அதில் முதல் ஆறுதான் வடிகட்டி. ஆறுக்கும் 'அடிக்கடி' என்று வந்தது. இந்த இடத்தில் நின்றுவிடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். முப்பது விநாடி ரீல்ஸ் பார்த்துவிட்டு, எனக்கு ஏடிஎச்டி என்று எழுதிக்கொள்கிறார்கள். நானும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் மருத்துவரிடம் போனால், அவர் என் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். தைராய்டு, ஹீமோகுளோபின். ஹீமோகுளோபின் 8.9 இருந்தது. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாங்க என்றார். எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா. இப்போது நினைத்தால் அவர் செய்ததுதான் சரி. ரத்தசோகையிலும் மறதி வரும், தைராய்டிலும் வரும், தூக்கம் கெட்டாலும் வரும், மனச்சோர்வில் நன்றாகவே வரும். இதையெல்லாம் பார்க்காமல் முதல் நாளே பெயர் எழுதித் தருகிற இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மூளையைப் படம் பிடித்து ஏடிஎச்டியைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். இதை உறுதி செய்கிற ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. பேச்சும் விசாரிப்பும்தான். அதைச் செய்கிறவர் மனநல மருத்துவரா, இல்லை ஆர்சிஐயில், அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்தில் ரத்தம் ஏறியது. மூச்சு வாங்குவது நின்றது. பால் மட்டும் பொங்கி வழிந்துகொண்டே இருந்தது.

அடுத்து உளவியலாளர். பெரியவர்களுக்குப் பார்க்கும்போது ஒரு நிபந்தனை உண்டு: இந்தக் குணங்களில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முன்பு 7 வயது என்று இருந்ததை 2013-இல் மாற்றினார்கள். அதனால் சின்ன வயதில் உங்களைப் பார்த்தவர் யாராவது வேண்டும் என்றார். எனக்கு யார், அம்மாதான். 70 வயது. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார்.

"சின்ன வயசுல பொருள்கள அடிக்கடி தொலைப்பாங்களா?"

"ச்சே ச்சே. என் பொண்ணு ரொம்பப் பொறுப்பு."

"சொன்னதக் காதுல வாங்காம இருப்பாங்களா?"

"இல்லம்மா. தங்கமான பிள்ள."

"இடத்தை விட்டு எழுந்து எழுந்து ஓடுவாங்களா?"

"பொம்பளப் பிள்ள எப்படிம்மா ஓடும்?"

இருபது நிமிடம் இப்படி. பெண் பார்க்க வந்தவர்களிடம் 2007-இல் சொன்ன அதே பதில்களை, அதே வரிசையில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்க 'உனக்குப் பொறுப்பு இருக்கா' என்று கேட்டவர், பிரச்சினை என்று எழுத வேண்டிய ஒரே நாளில் நற்சான்றிதழ் கொடுக்கிறார்.

அந்த உளவியலாளர் கெட்டிக்காரர். தாளை மூடி வைத்துவிட்டு, "அம்மா, இவங்க ஸ்கூல்ல படிக்கும்போது நீங்க எத்தன தடவ புதுக் குடை வாங்கியிருப்பீங்க?" என்றார். அவ்வளவுதான். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். குடை நான்கு. டிபன் பாக்ஸ் மூடிக்குக் கணக்கே இல்லை. ஒரு வெள்ளிக் கொலுசு, ஒற்றைக் கால். அரிசி வாங்கி வா என்று கொடுத்த பணத்தோடு கடைக்குப் போய், வழியில் நாய் குட்டி போட்டிருந்ததைப் பார்த்து உட்கார்ந்து, இருட்டிய பிறகு பணமும் அரிசியும் இல்லாமல் வந்தது. பரீட்சைக்குப் போகிற அன்று ஹால் டிக்கெட்டை அம்மாவே பள்ளி வாசலுக்கு ஓடிக் கொண்டுவந்து கொடுத்தது. எனக்கே மறந்துபோனது எத்தனையோ. சிரித்துச் சிரித்துச் சொன்னார். முடித்துவிட்டு, "ஆனா ரொம்ப நல்ல பொண்ணும்மா" என்றார்.

நான் சொல்ல வந்ததே இதுதான். ஆம், இல்லை என்று கேட்டால் நம் வீடுகளில் உண்மை வராது. பிள்ளையைப் பற்றி வெளியாள் கேட்டால் விட்டுக்கொடுக்காமல் பேசியே பழகியிருக்கிறோம். கதையாகக் கேட்டால் கொட்டும். பரிசோதனைக்குப் போகிறவர்கள் முந்தின வாரமே அம்மாவிடமோ அத்தையிடமோ உட்கார்ந்து, நான் தொலைத்தது என்னென்ன, யாரிடம் எதற்கு அடி வாங்கினேன் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். என்னுடையது ஒன்று பீரோவில் ரேஷன் அட்டைக்கு அடியில் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பு. 'நல்ல அறிவு, கவனம் இல்லை' என்று டீச்சர் பச்சை மையில் எழுதியிருந்தார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, பெயர் மட்டும்தான் தெரியவில்லை.

கேள்விகளிலும் கோளாறு உண்டு. வகுப்பில் இடத்தை விட்டு எழுந்தாயா என்றால், எப்படி எழுவது? எங்கள் வகுப்பில் 60 பேர், ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர், டீச்சர் கையில் பிரம்பு. கால் ஆடவில்லை. உள்ளே ஓடிக்கொண்டே இருந்தேன், ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். தொந்தரவு கொடுக்காத பெண் பிள்ளையை யார் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்?

வீட்டில் இன்னொன்று. என் அண்ணனும் நானும் ஒரே மாதிரிதான். சாவி, பர்ஸ், செல்போன் எதையும் வைத்த இடத்தில் எடுத்ததில்லை அவன். கல்யாணம் வரை அம்மா எடுத்துக் கொடுத்தார், இப்போது அண்ணி எடுத்துக் கொடுக்கிறார். அதனால் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை, 'அவன் எப்பவும் அப்படித்தான்'. நான் அதையே செய்தால் குடும்பப் பெண்ணுக்கு லட்சணமா என்று கேட்பார்கள். எனக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. மூன்று பேருடைய சாவியையும் ஞாபகம் வைக்க வேண்டியவளே நான்தான். காசாளர் இருக்கையில் உட்கார்ந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை பணம் குறைந்து, கையிலிருந்து கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கழிவறையில் போய் அழுதிருக்கிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறேன். மெத்தில்ஃபெனிடேட். எல்லாக் கடையிலும் கிடைக்காது, சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், வாங்கும்போது கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். மருத்துவர் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்த்துதான் கூட்டுகிறார், குறைக்கிறார். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வேலையை ஆரம்பித்தால் அதே வேலையில் இருக்க முடிகிறது. பால் வாரத்துக்கு ஒருமுறைதான் பொங்குகிறது.

பெயர் எதற்கு, முத்திரை குத்தாதே என்கிறவர்களுக்கு: பெயர் ஏற்கெனவே வைத்திருந்தீர்களே. பொறுப்பில்லாதவள், மந்தம், திமிர். இந்தப் பெயரோடு ஒரு மருந்துச் சீட்டாவது வருகிறது.

சட்டத்தில்தான் வருத்தம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி இல்லை. எங்கள் பையனுக்கு ஆட்டிசம் இருப்பதால் சான்றிதழ் கிடைத்தது, பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க ஒரு தாள் இருக்கிறது. ஏடிஎச்டி மட்டும் உள்ள பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒரு வரி இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா தலைமை ஆசிரியரின் நல்ல மனதை நம்பி நிற்க வேண்டியதுதான்.

அண்ணன் இன்னும் வரவில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி இது 70 முதல் 80 சதவீதம் வரை பரம்பரையைச் சார்ந்திருக்கிறது என்று படித்ததை அவனிடம் சொன்னேன். "அதான் உனக்கு வந்திருக்கு" என்றான். போன மாதம் அந்த ஆறு கேள்விகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றைக்கே நீல டிக் விழுந்தது. மூன்று வாரமாகப் பதில் இல்லை. பிடிக்காமல் விட்டுவிட்டானா, இல்லை மறந்தே போய்விட்டானா என்று அண்ணியிடம் கேட்டேன். அவர் அவனுடைய பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.