‘சாப்டாச்சா?’ என்று கேட்பதும் போலியா?

சனிக்கிழமையிலிருந்து அந்த ஏழு நிமிட வீடியோவை எனக்குப் பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் மூன்று பேர் என் சொந்தச் சித்தி பிள்ளைகள். “அக்கா, உங்க ஊரப் பத்தித்தான்” என்று சிரிக்கிற பொம்மை வேறு.

பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். எடுத்தவர் பெயரை நான் எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். நாலு நாள் அயர்லாந்தில் டப்ளின், கால்வே, மோஹர் பாறைகள் என்று சுற்றிவிட்டு, “இவ்வளவு போலியான மனுசங்கள நான் எங்கயும் பாத்ததில்ல” என்று முடிக்கிறார். ஆதாரம் என்ன? கால்வே ஏர் ஸ்கொயரில் ஒரு வயதான அம்மா “ஹவ் ஆர் யூ” என்று கேட்டுவிட்டு, இவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாராம். அந்த அம்மா நடந்து போகும் முதுகை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிறார். மழைக்கோட்டு, கையில் கடைப்பை, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். யார் வீட்டு அம்மாவோ. அவருக்குத் தன்னைப் படம் எடுப்பதுகூடத் தெரியாது. அந்த முதுகைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தாங்கவில்லை.

அது போலி இல்லை. இந்த ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் எதிர்த்த வீட்டு ஆச்சி “என்ன, தூரமா?” என்பாள். “இல்ல ஆச்சி, இந்தா பக்கத்துலதான்” என்போம். போவது சென்னைக்காக இருந்தாலும் அதேதான். ஆச்சிக்கு நம் பயண விவரம் தேவையில்லை, நாமும் சொல்வதில்லை. “சாப்டாச்சா?” என்று கேட்கிறவரிடம் யாராவது இட்லி எத்தனை, சட்னி என்ன என்று கணக்கு ஒப்பிப்போமா? ஒப்பிக்காததால் கேட்டவர் போலியாகிவிடுவாரா? உன்னைப் பார்த்துவிட்டேன், நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் அந்தக் கேள்வி. இங்கே “ஹவ் ஆர் யூ” என்பதும் அதேதான். “கிராண்ட், நீங்க எப்படி” என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். கிராண்ட் என்றால் இங்கே நல்லா இருக்கேன் என்று அர்த்தம்.

எட்டு வருடமாக அதன்ரைக்கு வெளியே, ஒரு சந்துக்குள் இருக்கிறேன். கால்வேக்குக் கிழக்கே உள்ள சின்ன ஊர். முதல் வருடம் எனக்கும் இதெல்லாம் புரியவில்லைதான். எதிரே வருகிற கார்க்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. முதலில் வண்டியில் ஏதோ கோளாறு என்று காட்டுகிறார்கள் என நினைத்து இறங்கி டயரைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்வார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட. டீ வேணுமா என்றால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லி, இன்னொரு தடவை கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும். இதை நமக்கு யாராவது கற்றுத்தரணுமா? ஐரிஷ் மொழியில் ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச் சொல்லே கிடையாது, வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் இவர்கள் பேசும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. வருவீங்களா என்றால் வருவேன். குடிக்கிறீங்களா என்றால் குடிக்கிறேன். முதன்முதலில் கவனித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

சரி, என்ன சொல்வீர்கள் என்று தெரியும். “வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து.” இந்த வெள்ளைக்காரர்களும் நம்மைப் போல ஆங்கிலேயரிடம் பட்டவர்கள் என்று சொன்னால் அதற்கும் சிரிப்பீர்கள். 1845ல் தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். தீவை விட்டுப் போவது அதன் பிறகும் நிற்கவில்லை. அயர்லாந்துக் குடியரசில் மக்கள்தொகை 50 லட்சத்தைத் திரும்பத் தாண்டியதே 2022 கணக்கெடுப்பில்தான், 1851க்குப் பிறகு முதல் தடவை. அதில் ஐந்தில் ஒருவர் என்னைப் போல வெளியே பிறந்தவர். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைக்கு முந்தைய இரவு ஊரே கூடி விழித்திருக்குமாம். அதற்கு அமெரிக்கன் வேக் என்று பெயர். வேக் என்றால் இங்கே சாவு வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருப்பது. உயிரோடு போகிற பிள்ளையைத் திரும்பப் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தே வழியனுப்பியவர்கள் இவர்கள்.

“கடையை ஆறு மணிக்கே மூடுறான், சோம்பேறி” என்கிறார் வீடியோவில். கடையில் நிற்கிற பெண்ணுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும். இதற்கு மேல் அதற்குப் பதில் கிடையாது.

வீட்டு வாடகை அநியாயம் என்கிறீர்களா, ஒத்துக்கொள்கிறேன். மழையா, ஆமாம்.

அடுத்தது கஷ்டமான கேள்வி. “போன வருசம் நம்ம ஆளுங்கள அடிச்சாங்களே, அப்ப எங்க போச்சு இந்த ஹவ் ஆர் யூ?” 2025 ஜூலையில் டப்ளின் டாலாவில் ஒரு இந்தியரை அடித்து, துணியை உருவி, ரத்தத்தோடு ரோட்டில் விட்டார்கள். ஆகஸ்ட் முதல் தேதி நம் தூதரகம் எச்சரிக்கையே விட்டது. அந்த மாதம் நானும் என் கணவரும் இருட்டிய பிறகு வெளியே போகவில்லை. எதையும் மறைக்கவில்லை. என் சொந்த அனுபவத்தையும் சொல்கிறேன். அதே ஆகஸ்டில் ஒரு பஸ்ஸில் மூன்று பையன்கள், பதினைந்து வயது இருக்கும், என்னைப் பார்த்து “கோ ஹோம்” என்று கத்திக்கொண்டே வந்தார்கள். பஸ்ஸில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். இறங்கும்போது வழக்கம்போல டிரைவருக்கு நன்றி சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அன்று ஒருநாள் மட்டும் சொல்லவில்லை.

அந்த இருபது பேரை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் தெரியவில்லை. ஆனால் டாலாவில் அந்த இந்தியரை அடித்த அதே வாரம் அந்த ஊர்க்காரர்களே தெருவில் இறங்கி நமக்காக ஊர்வலம் போனார்களே, அதை யாரும் எனக்கு வீடியோவாக அனுப்பவில்லையே? அடித்ததை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு அது ஏன் கண்ணில் படவில்லை?

2025 ஜனவரி 24, எயோவின் புயல். எங்கள் மாவட்டத்துக் கரையில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி அடித்தது. நாட்டில் 7 லட்சத்து 68 ஆயிரம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. எங்களுக்கு ஆறு நாள். பம்பு ஓடாததால் தண்ணீரும் இல்லை. என் வீட்டில் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு, அதை வைத்து என்ன செய்வது? இரண்டாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் டிராக்டரில் வந்தார். சந்தில் விழுந்திருந்த மரத்தை அறுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு சின்ன காஸ் அடுப்பையும் இரண்டு கேன் தண்ணீரையும் வாசலில் வைத்தார். “ஹவ் ஆர் யூ” என்று கேட்டார். கிராண்ட் என்றேன். போய்விட்டார். அன்று அந்த அடுப்பில்தான் கஞ்சி வைத்தேன். அவரும் பதிலுக்கு நிற்கவில்லை. அவரும் போலியா?

அதற்கு முந்தின வருடம் அப்பா போனார். ஊருக்குப் போய்ப் பதினாறாம் நாள் முடித்துத் திரும்பி வந்தேன். இங்கே யாருக்கும் சொல்லவில்லை. வந்த மறுநாள் சாயங்காலம் கதவு தட்டுகிறது. இதே பெரியவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. விரல் இடுக்கெல்லாம் மண். என் கையைப் பிடித்து “சாரி ஃபார் யுவர் டிரபிள்” என்றார். அவ்வளவுதான். அவர் பின்னால் இன்னும் நாலு பேர், ஒவ்வொருவரும் கையைப் பிடித்து அதே வார்த்தை. ஒருவர் சாண்ட்விச் தட்டோடு வந்திருந்தார். என் அப்பாவை இவர்களில் யாரும் பார்த்தது கிடையாது.

எங்கள் பக்கம் இதற்குத் துஷ்டி கேட்கிறது என்று பெயர். சித்தி பிள்ளைகளா, நீங்கள் மூன்று பேரும் அப்பாவுக்கு வாட்ஸப்பில் கைகூப்புகிற பொம்மை போட்டீர்கள். பஸ்ஸேறினால் ஒன்றரை மணி நேரம். இதை இத்தனை நாள் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

இங்கே சாவுச் செய்தியை உள்ளூர் ரேடியோவில் வாசிப்பார்கள். ஆர்ஐபி டாட் ஐஇ என்று ஒரு தளமே இருக்கிறது, காலையில் எழுந்ததும் அதைப் பார்க்கிறவர்கள் என் தெருவிலேயே உண்டு. பார்ப்பது வம்புக்கு இல்லை, போக வேண்டுமே என்பதற்காக. வரிசையில் நின்று, முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். முதல் தடவை எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது வருகிறது.

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பின்னூட்டத்தில் சண்டைக்கு வருகிறவர்கள் வாருங்கள், நாளை மத்தியானத்துக்கு மேல்தான் பதில் எழுதுவேன். பெரியவரின் தங்கை போய்விட்டார். 11 மணிக்குத் தேவாலயத்தில் திருப்பலி, அதற்கப்புறம் அடக்கம். நான் சாண்ட்விச் செய்து எடுத்துப் போகிறேன்.