12 வருஷம் மனைவி, 57 வருஷம் விதவை

ஜெனரல் கஸ்டரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றோரம் லகோட்டா, செயன் என்ற அமெரிக்கப் பூர்வகுடி வீரர்களிடம் தன்னோடு வந்த இருநூற்றுச் சொச்சம் பேரோடு மாண்டுபோன அமெரிக்கக் குதிரைப்படைக்காரர். அவருடைய கடைசிச் சண்டை ஒரு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மனைவி எலிசபெத், எல்லோருக்கும் லிப்பி, 1933 ஏப்ரல் வரை இருந்தார். 91 நிறைய நாலே நாள் பாக்கி. என்னைக் கேட்டால், கஸ்டர் பெயர் இவ்வளவு காலம் நின்றது அவருடைய வீரத்தால் இல்லை, இந்த அம்மாவின் ஆயுசால்.

மிச்சிகனில் மன்ரோ ஊர் நீதிபதி வீட்டுப் பெண். கொல்லர் மகனுக்குக் கொடுக்க அப்பாவுக்கு மனசில்லை. பையன் 23 வயதில் பிரிகேடியர் ஜெனரல் ஆனதும் மனசு இளகிவிட்டது (பெண்ணைப் பெற்றவர்கள் எங்கேயும் ஒன்றுதான்). 1864 பிப்ரவரியில் கல்யாணம். அப்புறம் கூடாரமோ கோட்டையோ, கணவர் பின்னாலேயே போனார். துணி வெளுக்க வந்த பெண்களுக்காவது அன்றைய ராணுவத்தில் கணக்கும் ரேஷனும் இருந்தன. அதிகாரியின் மனைவிக்கு விதிகளில் இடமே கிடையாது.

கணவரும் அதற்குக் குறைந்தவர் இல்லை. ஓடிப்போன சிப்பாய்களைச் சுடச் சொன்ன அதே 1867-ல், அனுமதி இல்லாமல் முகாமை விட்டு மனைவியைப் பார்க்கப் போனார். ராணுவ விசாரணை நடந்து, ஒரு வருஷம் சம்பளமில்லாமல் உட்கார வைத்தார்கள்.

டகோட்டாவில் லிப்பி இருந்த லிங்கன் கோட்டைக்குச் சாவுச் செய்தி வந்து சேரப் பத்து நாள் ஆனது. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு நீராவிப் படகு வந்தது. விடிவதற்குள் அதிகாரிகள் வீடு தேடி வந்து சொன்னார்கள். நல்ல கோடை. இவர் ஒரு சால்வை எடுத்து வரச் சொல்லிப் போர்த்திக்கொண்டு, மற்ற வீடுகளுக்குச் செய்தி சொல்ல அவர்களோடு கிளம்பிவிட்டார். அந்தக் கோட்டையில் மட்டும் 26 பெண்களின் வாழ்க்கை அன்று சிதைந்ததாகப் பின்னால் எழுதினார். அதில் ஒருத்தி கஸ்டரின் தங்கை. கணவரும் மூன்று அண்ணன்களும் ஒரே நாளில் போய்விட்டார்கள். அந்த வெக்கையில் சால்வை எதற்கு என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

வயது 34, குழந்தை இல்லை, மாதம் 30 டாலர் பென்ஷன், கணவர் வைத்துவிட்டுப் போன கடன். நியூயார்க் போய் ஒரு சங்கத்தில் செயலாளர் வேலை பார்த்தார். மூன்று புத்தகங்கள் எழுதினார், மூன்றிலும் கணவர்தான் நாயகன். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1879-ல் வைத்த கஸ்டர் சிலை பிடிக்கவில்லை என்று ஐந்து வருஷம் விடாமல் மல்லுக்கட்டி அதை இறக்க வைத்தார். இதில் எனக்கு ஒரு சந்தோஷம், மறைக்க மாட்டேன். கஸ்டரைக் குறை சொல்ல நினைத்தவர்களில் பலர், அந்த அம்மா இருக்கும்வரை வேண்டாம் என்று காத்திருந்தார்கள். காத்திருந்தே பலர் செத்தும்போனார்கள். அவர் போன மறு வருஷம், 1934-ல், கஸ்டரைத் தோலுரித்து ஒரு வாழ்க்கை வரலாறு வந்துவிட்டது.

மலைப்பாக இருக்கிறது, ஆனாலும் முழுசாகக் கும்பிட முடியவில்லை. 1868 நவம்பரில் வாஷிட்டா ஆற்றோரம் ஒரு செயன் ஊர்மேல் கஸ்டர் படை விடிகாலையில் பாய்ந்தது. சமாதானம் பேசிவந்த தலைவர் பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் சேர்ந்தே செத்தார்கள். விதவையாக வாழக்கூட அந்த அம்மாவை விடவில்லை. லிப்பி அத்தனை வருஷம் காத்த பெயரில் இதுவும் அடக்கம்.

1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவில் தென்பகுதிப் படை சரணடைந்தபோது வடபகுதித் தளபதி கிராண்ட் நிபந்தனைகளை எழுதிய சின்ன மேசையை, கஸ்டரின் மேலதிகாரி ஷெரிடன் 20 டாலர் தங்கம் கொடுத்து வாங்கி லிப்பிக்கு அனுப்பினார். இப்போது அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேசை வந்தது மனைவி பெயருக்கு. கூட வந்த சீட்டில் இருந்தது கணவரின் பெருமை.