ஏலத்தில் எடுத்த இஷாப்பூர் ரைஃபிளும் நடுவில் நிற்கும் கடைக்காரரும்

"அண்ணா, உங்க பேர்ல ஒண்ணு எடுத்துக் கொடுங்க. பணத்தை இப்பவே அனுப்பிடறேன்."

போன மாதம் டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடித்து, ஆண்கள் எல்லாம் கொல்லைப்புறத்தில் பேப்பர் தட்டோடு நின்றிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது. எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவன், நல்ல பையன். நான் ஏலத் தளத்தில் ஒரு பழைய ரைஃபிள் எடுத்த கதை எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. போனில் ஒரு கிளாக் கைத்துப்பாக்கியின் ஏலப் பக்கத்தைக் காட்டினான். முடிய நாலு மணி நேரம் இருந்தது. முடியாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "நான் என்னண்ணா, கிரிமினலா?" என்று கேட்டுவிட்டு பிரியாணி எடுக்கப் போய்விட்டான்.

அங்கே நின்று விளக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் துப்பாக்கி வைத்திருப்பது சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இங்கே வாங்குகிறார்கள், விற்கிறார்கள், நம் ஆட்களும் இப்போது நிறைய வாங்குகிறார்கள். வாங்குகிறவர்கள் ஒழுங்காக வாங்கட்டும் என்பதற்காகத்தான் இது.

இந்தியாவில் இருக்கும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "துப்பாக்கியை ஆன்லைனில் வாங்கினால் வீட்டு வாசலில் டெலிவரியா?" என்பது. இல்லை. ஏலம் மட்டும்தான் ஆன்லைனில் நடக்கிறது. ஜெயித்த பிறகு, விற்றவர் அந்தத் துப்பாக்கியை நம் ஊரில் மத்திய அரசு உரிமம் வைத்திருக்கும் ஒரு கடைக்கு அனுப்புவார். நாம் அங்கே போய், 4473 என்று எண் போட்ட படிவத்தை நிரப்பி, அடையாள அட்டை காட்டி, எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் தேறினால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். இந்த வேலைக்குக் கடைக்காரர் ஒரு கூலி வாங்குவார். என்னிடம் வாங்கியது 35 டாலர்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1963-ல், ஜனாதிபதி கென்னடியைப் பின்னால் சுட்டுக் கொன்ற லீ ஹார்வி ஆஸ்வால்ட் ஒரு பத்திரிகை விளம்பரத்தின் கூப்பனை வெட்டி, பொய்ப் பெயர் எழுதி, 21 டாலர் 45 சென்டுக்குத் தபால் மணியார்டர் வைத்து சிகாகோவில் இருந்த கடைக்கு அனுப்பினான். தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய கார்கானோ ரைஃபிள், நான் குடியிருக்கும் இதே டாலஸில் ஒரு தபால் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாம் தவறாமல் கூட்டிப்போய்க் காட்டும் அந்த ஆறாவது மாடி ஜன்னலுக்கு அப்படித்தான் அந்த ரைஃபிள் போனது. அதற்கப்புறமும் ஐந்து வருடம் இழுத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் செத்த பிறகு, 1968-ல்தான் தபாலில் நேராக வீட்டுக்கு வரும் வழியை அடைத்தார்கள். நடுவில் கடைக்காரர் வந்து நின்றது அப்போதுதான். கணினி வழிப் பின்னணிச் சோதனை வர 1998 ஆகிவிட்டது. அடுத்த வருடமே ஈபே துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது, அதே வருடம் கன்புரோக்கர் என்ற ஏலத் தளம் தொடங்கியது.

என் கதைக்கு வருகிறேன். அப்பா ஆயுதப்படையில் இருந்தவர். சின்ன வயதில் குடியிருப்பு மைதானத்தில் வரிசையாக நின்ற திரீ நாட் திரீ ரைஃபிள்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் ஏலத் தளத்தை மேய்ந்துகொண்டிருந்தபோது, படத்தில் மூன்று சிங்க முத்திரை! கீழே ஆர்.எஃப்.ஐ. 1966. கொல்கத்தா பக்கத்தில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்தது. 2ஏ1 என்ற ரகம், திரீ நாட் திரீயின் உடன்பிறப்பு மாதிரி இருக்கும், ஆனால் 7.62 தோட்டா போடுவது. நம் ஊரில் கழித்துக் கட்டியவை கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்து இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஆசை வந்துவிட்டால் கண் மறைத்துவிடும் என்பதை அன்றைக்கு உணர்ந்தேன். ஒரு நாள் முழுக்க எதுவும் கேட்காமல் இருந்துவிட்டு, அப்புறம் விற்பவருக்கு எழுதினேன். போல்ட்டின், அதாவது தோட்டா அறையைத் திறந்து மூடும் பாகத்தின், கைப்பிடிக்குப் பின்பக்கம் ஒரு எண் பொறித்திருக்கும், அதைத் தனியாகப் படம் எடுத்து அனுப்புங்கள், ரைஃபிளின் உடம்பில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள் என்று. இந்த இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் யாரோ வேறொரு ரைஃபிளின் போல்ட்டைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போல்ட்டை மூடினால் தோட்டா அசையாமல் உட்கார வேண்டும், அந்த இடைவெளி கூடிப்போனால் சுடும்போது தோட்டாவின் கூடு கிழியும். கன்னத்துக்கு அரை அடி தூரத்தில் நடக்கிற காரியம் அது. எண் பொருந்தியிருந்தாலும் ரைஃபிள் வந்ததும் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய திரீ நாட் திரீயையும் 2ஏ1-ஐயும் பக்கத்தில் வைத்தால் பழக்கமில்லாதவருக்கு வித்தியாசமே தெரியாது. இஷாப்பூரில் செய்த பழைய திரீ நாட் திரீகள் சிலவற்றைப் போலீஸுக்காகக் குழலைக் குடைந்து .410 தோட்டாவுக்கு மாற்றியதும் உண்டு. விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பித் தோட்டா வாங்கிவிடாதீர்கள்.

கேட்ட படங்கள் இரண்டு மணி நேரத்தில் வந்தன. படம் அனுப்ப மனமில்லாதவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஏலம் முடியும் கடைசி நிமிடத்தில் பாய்ந்து அள்ளிவிடலாம் என்று நினைத்திருந்தேன். கன்புரோக்கரில் அது பலிக்காது. கடைசி 15 நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் நீளும், 15 நிமிடம் யாரும் வாய் திறக்காமல் இருந்தால்தான் முடியும். மீன் மார்க்கெட் ஏலம் மாதிரிதான், யாராவது தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். 400-க்கு மேல் போகக்கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன் 470-ல் எழுந்தேன். அந்தப் பஞ்சாயத்து தனி.

பணம் கட்டும் இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பேபால் துப்பாக்கிக்குப் பணம் அனுப்ப விடாது. அதனால் "வங்கியிலிருந்து நேராக ஸெல்லில் அனுப்பு, பிட்காயினில் அனுப்பு" என்று யாராவது சொன்னால் நமக்கும் இயல்பாகத் தோன்றிவிடுகிறது. அப்படி அனுப்பிய பணம் கிணற்றில் போட்ட கல்தான். நான் கிரெடிட் கார்டு ஏற்றுக்கொள்ளும் விற்பனையாளர்களோடு நின்றுகொள்கிறேன், அதற்கு அவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும். நம் நண்பர் ஒருவர், கடைகளில் எங்குமே கிடைக்காத விலையில் ஒரு ரைஃபிளை, ஏலத் தளம்கூட இல்லை, நேற்று முளைத்த ஏதோ ஒரு வலைத்தளத்தில் பார்த்து 600 டாலர் அனுப்பினார். "உங்கள் வீட்டுக்கே அனுப்புகிறோம், கடைக்குப் போக வேண்டியதில்லை" என்று போட்டிருந்தார்களாம். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் ஓடியிருக்க வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து உங்கள் வீட்டுக்கே துப்பாக்கி அனுப்புகிறேன் என்பவன் திருடன், அல்லது உங்களைப் பிடிக்க வந்த அதிகாரி. பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் 30 டாலர் கட்டி ஒரு தனி உரிமம் எடுத்து, 50 வயது தாண்டியவற்றை வீட்டுக்கே வரவழைக்கலாம், அது உண்மை. என்னிடமோ அந்த நண்பரிடமோ அது கிடையாது. விற்கிற ஆள் கடைக்காரர் என்று சொன்னால் அவருடைய உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முதல் மூன்று இலக்கத்தையும் கடைசி ஐந்தையும், இந்த உரிமங்களைக் கொடுக்கும் மத்திய அரசுத் துறையான ஏ.டி.எஃப். தளத்தில் போட்டால் அப்படி ஒரு கடை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை.

ரைஃபிள் கடைக்கு வந்ததும் நான் செய்ய இருந்த தப்பு ஒன்று. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். வயதான கடைக்காரர் படிவத்தின் மேல் கையை வைத்து மறைத்து, "முதலில் சாமானைப் பார்" என்றார். திருப்பி அனுப்புவதாக இருந்தால் இப்போதே சொல், கையெழுத்துப் போட்டு உன் பெயருக்கு மாறிவிட்டால் விற்றவன் திரும்ப எடுக்கமாட்டான் என்றார். கவுன்ட்டரிலேயே துணி விரித்து அரை மணி நேரம் பார்த்தோம். மரத்தில் தோட்டா அறைக்கு முன்னால் குறுக்கே ஒரு திருகு இறங்கியிருந்தது. யாரோ உடைத்து ஒட்டியது என்று பதறினேன். இஷாப்பூரில் மரம் பிளக்காமல் இருக்க அவர்களே போட்டு அனுப்புவதுதான் என்று சொல்லிச் சிரித்தார் மனிதர். 35 டாலருக்கு அந்தப் பாடம் ஒன்றே போதும்.

அப்புறம் சோதனை. 'தாமதம்' என்று பதில் வந்தது. நம் பெயர்களின் இனிஷியல் குழப்பமாக இருக்கலாம், காரணம் சொல்லமாட்டார்கள். மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் கொடுத்துவிடலாம் என்று மத்திய சட்டம் அனுமதிக்கிறது. 2015-ல் சார்லஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் துப்பாக்கி வாங்கியது அந்த வழியில்தான், சோதனை முடியாமலே. என் கடைக்காரர் எத்தனை நாளானாலும் பதில் வராமல் கொடுக்கமாட்டேன் என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த முறையும் அவரிடமே போவேன். இரண்டாம் நாள் போன் வந்தது.

இப்போது அந்தத் தம்பியின் கேள்வி. படிவத்தின் ஆரம்பத்திலேயே, இதை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று கேட்கிறது. அவன் பணத்தில், அவனுக்காக வாங்கிவிட்டு 'ஆமாம்' என்று எழுதினால் நான் எழுதியது பொய். வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் தள்ளுபடி கிடைக்கிறதே என்று தன் மாமாவுக்கு ஒரு கிளாக் வாங்கிக் கொடுத்தார். மாமா மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவரும் தன் ஊர்க் கடையில் சோதனைக்கு உட்பட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அப்படியும் மருமகனுக்குத் தண்டனை, 2014-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. தம்பி விஷயம் அதைவிட மோசம். எச்1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். இப்படித் தடை இருப்பவருக்காகத் தெரிந்தே வாங்கிக் கொடுப்பதற்கு 2022-ல் வந்த சட்டத்தில் 15 வருடம் வரை சிறை. உன் கிரீன் கார்டு கனவும் என் குடும்பமும் ஒரு கிளாக்கில் போகும் தம்பி. வழியே இல்லை என்று சொல்லவில்லை. முறையான வேட்டை உரிமம் இருந்தால் இந்தத் தடைக்கு விலக்கு உண்டு. டெக்ஸஸில் வேட்டைப் பயிற்சி வகுப்பு இருக்கிறது, போய் உட்கார். உன் பெயரில், உன் கையெழுத்தில் வாங்கு. வேண்டுமென்றால் நானும் கூட வருகிறேன்.

விற்கும்போதும் இதே கதைதான். போன வருடம் என்னுடைய ஒரு கைத்துப்பாக்கியை விற்க நினைத்தேன். உள்ளூர் ஆள் ஒருவர், கடை வேண்டாம், கார் நிறுத்தும் இடத்தில் சந்திப்போம், 50 டாலர் கூடவே தருகிறேன் என்றார். டெக்ஸஸில் ஒரே மாநிலத்துக்குள் இரண்டு தனியாட்கள் விற்றுக்கொள்ளச் சோதனை தேவையில்லை, சட்டப்படி நான் கொடுத்திருக்கலாம். கடையில் மாற்றிக்கொள்வோம், கூலி நானே தருகிறேன் என்றேன். அதற்கப்புறம் ஆளைக் காணவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 2019-ல் மிட்லண்ட், ஒடெஸ்ஸா சாலைகளில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றவன் 2014-லேயே கடைச் சோதனையில் தோற்றவன். பிறகு தனியாள் ஒருவரிடம் எந்தச் சோதனையும் இல்லாமல் வாங்கினான். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ததற்காக விற்றவருக்கு இரண்டு வருட சிறை. விஸ்கான்சினில் 2012-ல், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்ட ஒருவன் விளம்பரத் தளத்தில் ஆளைப் பிடித்துத் துப்பாக்கி வாங்கி, மனைவியையும் இன்னும் இரண்டு பெண்களையும் கொன்றான். தளத்தின் மேல் போட்ட வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நாம் இருக்கும் இந்த முகநூலே 2016-ல் தனியாட்கள் துப்பாக்கி விற்பதைத் தடைசெய்தது சும்மா இல்லை.

சுயநலமாகவே யோசியுங்கள். ஒரு குற்றத்தில் துப்பாக்கி சிக்கினால் சீரியல் எண்ணை வைத்து, செய்த கம்பெனியில் தொடங்கி முதன்முதலில் சில்லறையில் விற்ற கடை வரை வருவார்கள், அங்கிருந்து அந்தப் படிவத்தில் இருக்கும் பெயருக்கு. அந்தப் பெயர் என்னுடையது. கார் நிறுத்தும் இடத்தில் யாருக்கோ கொடுத்தேன், முகம் ஞாபகம் இல்லை என்று அதிகாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ரைஃபிள் வீட்டுக்கு வந்த அன்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். சிங்க முத்திரையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நல்லாயிருக்கு என்றெல்லாம் சொல்லவில்லை. படையில் ஒவ்வொரு ரைஃபிளின் கட்டையிலும் போட்டிருக்கும் எண்ணைத்தான் கேட்டார்.

"பட் நம்பர் என்னடா?"

"அதெல்லாம் இல்லப்பா, சீரியல் நம்பர்தான்."

"சரி. ரெஜிஸ்டர்ல எங்க கையெழுத்துப் போட்ட?"

"கடையில போட்டேன்பா."

"ம்" என்றார். அப்புறம்தான், பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து உள்ளே எண்ணெய்க் குப்பி இருக்கிறதா பார் என்றார்.