தரையிறங்க இடம் விட்டாரா?

2017 மே 14 அன்று ஓக்லண்டில் நடந்த ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ரசிகர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டம் அது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை அதன் சொந்த அரங்கிலேயே சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் திணறடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது கால்பகுதியில் ஸ்பர்ஸின் கவாய் லெனர்ட் எம்பிப் பந்தை எறிந்தார். அவரை மறிக்க ஓடிவந்த வாரியர்ஸின் ஜாஜா பச்சூலியா நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலும் ஓர் அடி உள்ளே வைத்தார். லெனர்ட் இறங்கும்போது அவருடைய காலுக்கடியில் பச்சூலியாவின் பாதம் இருந்தது. முந்தைய சுற்றிலேயே புண்பட்டிருந்த கணுக்கால் மடங்கியது. ஸ்பர்ஸ் 23 புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோது வெளியேறிய லெனர்ட் அந்தத் தொடரில் மறுபடி ஆடவே இல்லை. அந்த ஆட்டத்தை வாரியர்ஸ் 113-111 என்று வென்றது. தொடரை 4-0 என்று முடித்தது.

அதன் பிறகு நடந்த விவாதம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே வந்தது: வேண்டுமென்றே செய்தாரா, தவறிச் செய்தாரா? பச்சூலியா மறுத்தார். அடிபட்ட லெனர்டே அது வேண்டுமென்று செய்யப்பட்டதாகத் தாம் நினைக்கவில்லை என்றார். ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் மட்டும் அந்தக் கேள்வியையே தூக்கியெறிந்தார். கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்டே வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்டால், கொல்லும் எண்ணம் இல்லை என்பதற்காகச் சிறை இல்லாமல் போய்விடுமா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி அவருக்கு எவ்வளவு இருந்தது என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன். கேள்வி சரியானது என்பதே என் கருத்து. தொழில்முறைக் கூடைப்பந்தில் எது முறைகெட்ட ஆட்டம் என்று தீர்மானிக்க, ஆட்டக்காரரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க வேண்டியதில்லை. அது யாராலும் முடிகிற காரியமும் அல்ல. எதிராளி தன் உடலைத் தானே காத்துக்கொள்ள முடியாத அந்த ஒரு கணத்தில் அவருக்கு என்ன செய்யப்பட்டது என்று பார்த்தாலே போதும்.

எண்ணத்தைத் தேடிப் போகும்போது நாம் உண்மையில் பார்ப்பது சட்டையின் நிறத்தைத்தான். 1991 கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில், டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் டென்னிஸ் ராட்மன், கூடையை நோக்கிப் பாய்ந்த சிகாகோவின் ஸ்காட்டி பிப்பனைக் கோட்டுக்கு வெளியே பிடித்துத் தள்ளினார். பிப்பனின் தாடையில் தையல் போட வேண்டியதாயிற்று. ராட்மனுக்கு 5,000 டாலர் அபராதம். அப்போது ராட்மனைப் போக்கிரி என்று ஏசிய சிகாகோ ரசிகர்கள், அவர் தங்கள் அணிக்கே வந்து 1996 முதல் 1998 வரை மூன்று பட்டங்களில் பங்கேற்றபோது, அதே முரட்டுத்தனத்தை 'உழைப்பு' என்று கொண்டாடினார்கள். ஆளும் மாறவில்லை, ஆட்டமும் மாறவில்லை. இப்படிப்பட்ட நீதிபதிகளிடம் எண்ணத்தை அளக்கும் வேலையைக் கொடுத்தால் தீர்ப்பு எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை.

என்பிஏ விதிப்புத்தகம் இந்த விஷயத்தில் ரசிகர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. தேவையற்ற மோதல் என்றால் முதல் வகை ஃபிளேக்ரன்ட் (கடுமையான) ஃபவுல். தேவையற்றதும் அளவு மீறியதும் என்றால் இரண்டாம் வகை, உடனடி வெளியேற்றம். இரண்டுக்குமே ஃப்ரீ த்ரோவோடு (தடுப்பாரில்லாமல் எறியும் வாய்ப்பு) பந்தும் எதிரணிக்கே போகும். இந்த வரையறையில் எண்ணம் என்ற பேச்சே இல்லை. லெனர்டுக்கு நேர்ந்ததை அடுத்து 2017-18 பருவத்தில் கொண்டுவந்த மாற்றமும் இந்த வழியில்தான் போனது. பந்தெறிந்தவர் தரையிறங்கத் தடுப்பாட்டக்காரர் இடம் விட்டாரா என்பதை நடுவர்கள் காணொளியில் மறுபரிசீலனை செய்து, சாதாரண ஃபவுலை ஃபிளேக்ரன்டாக உயர்த்தலாம். பாதம் எங்கே இருந்தது என்பதைத் திரையில் பார்த்துவிட முடியும் என்பதால்தான் அந்த விதி வேலை செய்கிறது.

முரட்டு ஆட்டத்தை நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடைக்கடியில் இரண்டு உயரமான ஆட்டக்காரர்கள் ரீபவுண்டுக்காக (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்காக) இடுப்போடு இடுப்பு மோதி, முன்கையால் அழுத்தி, ஓர் அங்குல இடத்துக்காக நாற்பத்தெட்டு நிமிடமும் போராடுவது இந்த விளையாட்டின் உயிரான பகுதி. அங்கே இருவருக்கும் கால் தரையில் இருக்கிறது, மோதல் வரப்போகிறது என்பது இருவருக்கும் தெரியும், தாங்கிக்கொள்ளவும் திருப்பிக் கொடுக்கவும் இருவருக்கும் வழி இருக்கிறது. மறுநாள் உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தாலும் அதில் கீழ்த்தரம் எதுவும் இல்லை. அதே முன்கை, எம்பிய ஒருவரின் கழுத்தில் விழும்போது கதை வேறாகிவிடுகிறது. 1984 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில், வேகமாகக் கூடையை நோக்கிப் போன லேக்கர்ஸின் கர்ட் ராம்பிஸை பாஸ்டனின் கெவின் மெக்ஹேல் கழுத்தோடு வளைத்துத் தரையில் வீழ்த்தினார். மெக்ஹேல் வெளியேற்றப்படவில்லை, பாஸ்டன் அந்த ஆட்டத்தையும் பிறகு தொடரையும் வென்றது. 'அந்தக் காலத்தில் ஆண்கள் ஆடினார்கள்' என்று பெருமூச்சு விடுபவர்கள் அந்தக் காணொளியை இன்னொரு முறை பார்க்கலாம். ராம்பிஸ் முதுகு அடிபட விழுந்தார். கழுத்து அடிபட விழாதது அவருடைய அதிர்ஷ்டம் என்பதைத் தவிர அதில் ஆண்மை என்று சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

காற்றில் இருப்பவர் ஒரு வகை என்றால், வருவதைப் பார்க்க முடியாதவர் இன்னொரு வகை. யூட்டா ஜாஸின் ஜான் ஸ்டாக்டன் 15,806 அசிஸ்டுகளோடும் (சக ஆட்டக்காரர் கூடையில் போட உதவும் பாஸ்) 3,265 ஸ்டீல்களோடும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தல்) இரண்டு பட்டியல்களிலும் முதலிடத்தில் ஓய்வு பெற்றவர். அடக்கமானவர், ஒழுங்கானவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய ஸ்கிரீன்களை, அதாவது எதிராளியின் வழியை மறித்து நிற்பதை, தாங்கியவர்கள் வேறு கதை சொல்வார்கள். தம்மைவிடப் பெரிய ஆட்டக்காரர்களின் விலாவிலும் இடுப்பிலும் பார்வைக்கு எட்டாத பக்கத்திலிருந்து முட்டி நிற்பதில் அவர் கைதேர்ந்தவர். அசையாமல் நிற்கும் ஆட்டக்காரர் தன்னைக் கவனிக்காதபோது ஸ்கிரீன் வைப்பவர் அவருக்கு ஓர் இயல்பான காலடி அளவு இடம் விட்டு நிற்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பார்க்காதவருக்கு ஒரு காலடி இடம், எம்பியவருக்கு இறங்குமிடம் என்று இரண்டு விதிகளும் ஒரே நியாயத்திலிருந்து பிறந்தவை. ஸ்டாக்டனை நான் கீழ்த்தரமான ஆட்டக்காரர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு காலடியை அவர் அடிக்கடி விழுங்கினார் என்பதையும், முகராசியால் தப்பித்தார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

தரையில் கிடப்பவர் மூன்றாவது வகை. 2023 பிளே-ஆஃபில் (பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளில்) சாக்ரமென்டோவின் டொமான்டஸ் சபோனிஸ் கீழே விழுந்த நிலையில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீனின் காலைப் பிடித்துக்கொண்டார். கிரீன் மற்றக் காலை அவருடைய மார்பின் மேல் ஊன்றி மிதித்துவிட்டு ஓடினார். காலைப் பிடித்தது தவறு, அதற்காக சபோனிஸுக்கும் டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைப் பிழைக்கான ஃபவுல்) கிடைத்தது. காலை உதறலாம், நடுவரைப் பார்த்துக் கத்தலாம், நிலைதடுமாறி அவர் மேலேயே விழக்கூடச் செய்யலாம்; கிடப்பவரின் நெஞ்சைப் படிக்கட்டாக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கிரீன் வெளியேற்றப்பட்டதோடு அடுத்த ஆட்டத்துக்கும் தடை செய்யப்பட்டார். அந்தத் தடையை அறிவித்தபோது அவருடைய பழைய செயல்களையும் கணக்கில் எடுத்ததாக லீக் வெளிப்படையாகவே சொன்னது. நான் அதை வரவேற்கிறேன். ஒரு முறை நடந்தால் விபத்து என்று ஏற்கலாம்; அதே கால், அதே முழங்கை, அதே வகைக் கணத்தில் திரும்பத் திரும்ப வந்தால், எண்ணத்தைப் பற்றிக் கேட்காமலேயே அதைப் பழக்கம் என்று எழுதிவிடலாம்.

இங்கேதான் பாப்பவிச்சிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் அவருடைய தடுப்பாட்டத்தின் முதுகெலும்பாக இருந்தவர் புரூஸ் போவன். எட்டு முறை சிறந்த தடுப்பாட்ட அணிகளில் இடம்பெற்றவர். எம்பிப் பந்தெறிபவர்களின் காலடியில் பாதத்தை நீட்டுகிறார் என்று அவர் மேல் எழுந்த புகார்கள் ஒன்றிரண்டு அல்ல. 2008-இல் கிறிஸ் பாலை உதைத்ததற்காக ஓர் ஆட்டம் தடை செய்யப்பட்டபோது, தொடர்ந்து 500 ஆட்டங்கள் ஆடிய அவருடைய வரிசை அறுந்தது. அந்த ஆண்டுகளில் கைப்பேசி ஓட்டுநர் உவமை பாப்பவிச்சின் நினைவுக்கு வரவில்லை. வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெரும் அப்படித்தான். 2022-இல் மெம்ஃபிஸின் டில்லன் புரூக்ஸ், எம்பிய வாரியர்ஸின் கேரி பேட்டனின் தலையில் பின்னாலிருந்து அடித்து, அவர் விழுந்து முழங்கை முறிந்தபோது, ஆட்டக்காரர்களுக்கிடையே உள்ள எழுதாத நெறியைப் புரூக்ஸ் மீறிவிட்டார் என்று கெர் கொதித்தார். நியாயமான கொதிப்புதான். டிரேமண்ட் கிரீனை ஆண்டுக்கணக்கில் வைத்து ஆடியவர் அதைச் சொன்னார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதாத நெறிக்கு இதுதான் சிக்கல்: அது எப்போதும் எதிரணிக்காரன்தான் மீறியதாக இருக்கிறது.

எழுதிய விதியும் தடுக்கிவிழுந்த இடம் உண்டு. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிகக் கசப்பான உதாரணம் 2007-இல் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு நேர்ந்தது. ஸ்பர்ஸுடன் ஆடிய பிளே-ஆஃப் தொடரின் நான்காவது ஆட்டத்தில், சன்ஸின் வெற்றி ஏறக்குறைய உறுதியாகிவிட்ட கடைசி நொடிகளில், பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தைத் தட்டிச் சென்ற ஸ்டீவ் நாஷை ஸ்பர்ஸின் ராபர்ட் ஹாரி இடுப்பால் மோதி ஸ்கோரர் மேசையில் தூக்கி எறிந்தார். பெஞ்சில் இருந்த அமாரே ஸ்டவுடமையரும் போரிஸ் டியாவும் பதறி எழுந்து சில அடிகள் முன்னே வந்தார்கள், யாரையும் தொடவில்லை. கைகலப்பின்போது பெஞ்சை விட்டு வந்தால் குறைந்தது ஓர் ஆட்டம் தடை என்பது விதி. ஹாரிக்கு இரண்டு ஆட்டம், இவர்கள் இருவருக்கும் ஆளுக்கு ஓர் ஆட்டம். மாற்று ஆட்டக்காரர் ஒருவரை ஸ்பர்ஸ் இழந்தது. தன் முக்கிய உயர ஆட்டக்காரரையே சன்ஸ் இழந்தது. 2-2 என்று சமநிலையில் இருந்த தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் சன்ஸ் சொந்த அரங்கிலேயே 88-85 என்று தோற்றது. ஆறாவதிலும் தோற்று வெளியேறியது. ஸ்பர்ஸ் அந்த ஆண்டின் சாம்பியன். ஹாரி இப்படியெல்லாம் கணக்குப் போட்டு மோதினார் என்று நான் சொல்லவில்லை. மோதியவரின் அணிக்கு லாபமும் மோதப்பட்டவரின் அணிக்கு நட்டமும் வரும்படி ஒரு தண்டனை முறை அமைந்திருந்தால், அது எத்தனை முறை சட்டப்படி சரி என்று விளக்கினாலும் நியாயம் ஆகாது என்றுதான் சொல்கிறேன்.

அடிபடாமலே அடிபட்டதுபோல் நடித்து விழுவதையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது அழுகுணி ஆட்டம். எரிச்சலூட்டும், ஆனால் யாருடைய எலும்பையும் முறிக்காது. 2023-24 முதல் அதற்கு டெக்னிக்கல் ஃபவுலும் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் என்று வைத்திருக்கிறார்கள், அதுவே போதும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, நான் முன்வைக்கும் அளவுகோலையே ஏமாற்றும் தந்திரம். இறங்குமிடத்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று தெரிந்ததும், பந்தெறிபவர்கள் காலை முன்னே நீட்டியும் பக்கவாட்டில் சாய்ந்து தாவியும் தடுப்பாட்டக்காரர் மேலேயே போய் இறங்கி ஃபவுல் வாங்கக் கற்றுக்கொண்டார்கள். 2021-22 பருவத்தில் இத்தகைய இயல்பற்ற அசைவுகளுக்கு ஃபவுல் தருவதில்லை என்று லீக் கறாராக இருக்கத் தொடங்கியது நல்ல முடிவு. இயல்பாக எம்பியவர் இயல்பாக இறங்கும் இடம் எதுவோ அது மட்டுமே அவருடையது. அடுத்தவன் நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பட்டா போட்டுக்கொள்ள முடியாது.

தண்டனை எவ்வளவு இருக்க வேண்டும்? அடிபட்டவர் எத்தனை ஆட்டம் வெளியே இருக்கிறாரோ அத்தனை ஆட்டம் அடித்தவரும் வெளியே இருக்கட்டும் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காயத்தின் அளவு பெரும்பாலும் அதிர்ஷ்டம். மேசையில் மோதிய நாஷ் எழுந்து நின்றார், தரையில் விழுந்த பேட்டனுக்கு எலும்பு முறிந்தது. காயத்தை வைத்து அளந்தால் ஹாரி தப்பித்துவிடுவார். செயலைத்தான் அளக்க வேண்டும். அந்த அளவு இப்போது வெட்கப்படும்படி சிறியதாக இருக்கிறது. 1991 டிசம்பரில் கார்ல் மலோனின் முழங்கையால் ஐசேயா தாமஸின் புருவத்துக்கு மேல் 40 தையல் போட்டார்கள்; மலோனுக்குத் தடை ஓர் ஆட்டம். 2022 ஜனவரியில் காற்றில் இருந்த அலெக்ஸ் கரூசோவைக் கிரேசன் ஆலன் இழுத்து வீழ்த்தி மணிக்கட்டை முறித்தார், ஓர் ஆட்டம். அதே ஆண்டு மே மாதம் புரூக்ஸ், ஓர் ஆட்டம். முப்பது ஆண்டுகளில் சம்பளம் பல மடங்கு பெருகிவிட்டது, கேமராக்கள் எல்லாக் கோணத்திலும் வந்துவிட்டன, இந்த ஓர் ஆட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது.

காற்றில் இருப்பவர், பார்க்காதவர், கிடப்பவர் ஆகியோர் மேல் செய்யப்படும் இரண்டாம் வகை ஃபிளேக்ரன்டுக்கு ஐந்து ஆட்டத்திலிருந்து தடை தொடங்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இரண்டாவது, கணக்கு வைக்கும் முறையைப் பற்றியது. ஃபிளேக்ரன்ட் ஃபவுலுக்காக ஆட்டக்காரர் பெயரில் சேர்ந்து, அளவு மீறினால் தடை தரும் புள்ளிகள் ஒவ்வொரு பருவத்துக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. பிளே-ஆஃபுக்கும் தனிக் கணக்கு, அங்கேயும் பூச்சியம். ஆகவே ஏப்ரல் வரை ஐந்து புள்ளி சேர்த்தவரும் ஒன்றும் சேர்க்காதவரும் பிளே-ஆஃபுக்குள் ஒரே தகுதியோடு நுழைகிறார்கள். அந்தப் புள்ளிகள் குறைந்தது மூன்று பருவங்களுக்காவது ஆட்டக்காரரோடு கூடவே வர வேண்டும். ஆட்டக்காரர் சங்கம் இதற்கு எளிதில் ஒப்புக்கொள்ளாது, தடை என்றால் சம்பள இழப்பு என்பதால் எதிர்க்கத்தான் செய்யும். ஆனால் கணுக்கால் மடங்கி வெளியே போன லெனர்டும் முழங்கை முறிந்த பேட்டனும் அந்தச் சங்கத்தில்தான் இருந்தார்கள்.