கடல்நாய்க் குட்டிகளின் இரண்டாவது வயது

மாலையில் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் என்னுடன் நடக்க வரும் நண்பர், நாற்பது ஆண்டுகள் தூண்டில் தொழில் செய்து ஓய்ந்தவர், போன வாரம் ஒரு கேள்வி கேட்டார்: “நம்ம கடல்ல இல்லாத உயிருக்கு நீங்க எதுக்கு சார் இவ்வளவு மெனக்கெடணும்?” ஹவாய்த் தீவுகளின் கடல்நாய்களைப் பற்றிச் சில மாதங்களாக நான் படித்துவருவது அவருக்குத் தெரியும். அன்று அவரிடம் பாதியில் விட்டதை இங்கே முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் பெயர். சீல் என்னும் இந்த விலங்கை நம்மவர்கள் சில நேரம் ‘நீர்நாய்’ என்று எழுதிவிடுகிறார்கள். நீர்நாய் என்பது ஆறுகளில் வாழும் வேறு விலங்கு. கடல்நாய் என்பதே பொருத்தம். ஹவாய் மொழியிலும் இதற்குக் ‘கொந்தளிக்கும் நீரில் ஓடும் நாய்’ என்ற பொருளில்தான் பெயர் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத இந்த ஹவாய் மங்க் சீல் இனத்தில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 1,600. இதன் உறவினமான கரீபியன் மங்க் சீல் 1952க்குப் பின் எவர் கண்ணிலும் படாமல், 2008இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

ஓர் இனம் குறைகிறது என்று கேள்விப்பட்டால் குட்டி பிறப்பது நின்றுவிட்டதாகவே நாம் நினைக்கிறோம். இங்கே நடந்தது அதுவன்று. ஹவாயின் வடமேற்கில், மனிதர் குடியிருப்பே அநேகமாக இல்லாத தொலைதூரத் தீவுகளில், ஆண்டுதோறும் குட்டிகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் நிலைமை மிக மோசமாக இருந்த ஆண்டுகளில், பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றுகூட முழு வளர்ச்சி அடையவில்லை. நூறு பிறந்தால் இருபதுக்கும் குறைவாகப் பிழைக்கும். அதில் பாதிதான் பெண். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன் ஈனாத, ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் போடாத விலங்குக்கு இந்தக் கணக்கு எப்படிக் கட்டும்?

நம் மாவட்டத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதிர்ந்த மரங்கள் நிற்கும்வரை தோப்பு பச்சையாகத்தான் தெரியும், காயும் விழும். இடையில் வைத்த பிள்ளைகள் எல்லாம் வண்டு தின்று பட்டுப்போயிருப்பதைக் குனிந்து பார்ப்பவன்தான் அறிவான். கடல்நாய் முப்பது ஆண்டுகள் வரைகூட வாழும். ஆகவே கரையில் படுத்திருக்கும் பெரியவற்றை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு, இளையவை இல்லாமற்போனது பல ஆண்டுகள் கழித்தே, அதாவது ஈனும் வயதுப் பெண்களே இல்லை என்ற நிலை வந்த பிறகே, உறைக்கும். எத்தனை பிறந்தன என்ற செய்தியைக் கொண்டாடுவதில் எனக்கு நம்பிக்கை போனதற்கு இதுவே காரணம். எத்தனை குட்டிகள் இரண்டு வயதைத் தாண்டின என்று கேட்டால்தான் அந்த இனத்தின் நிலை தெரியும்.

குட்டி ஏன் சாகிறது என்பதில்தான் என் நண்பருக்கும் ஆர்வம் பிறந்தது. பிறக்கும்போது பதினைந்து கிலோ அளவில் கறுப்பாக இருக்கும் குட்டி, ஐந்தாறு வாரப் பாலிலேயே அறுபது கிலோவைத் தாண்டிவிடும். அந்த வாரங்களில் தாய் இரை தேடப் போவதில்லை. தன் கொழுப்பையே பாலாக்கிக் கொடுத்து மெலிந்து, ஒரு நாள் குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். மீன் பிடிக்கக் குட்டிக்கு எவரும் கற்றுத் தருவதில்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைவதற்குள் அது தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். மெலிந்த நிலையில் பால்குடி மறந்த குட்டிக்கு அந்த அவகாசமும் குறைவு. கடல்நாய்களின் உடலில் கேமரா பொருத்திப் பார்த்தபோது, அவை கல்லைப் புரட்டி இரையைக் கிளப்பும் நேரத்தில் பெரிய பாரைகளும் சுறாக்களும் பின்னாலேயே வந்து பறித்துக்கொண்டு போவது தெரிந்தது. இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டார். “பாரை அப்பிடித்தான் சார் செய்யும்” என்றார், தன் தூண்டிலில் பட்ட மீனை இழந்தவரின் குரலில்.

பசி தவிர மற்ற காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. பிரெஞ்சு ஃபிரிகேட் ஷோல்ஸ் என்னும் பவளத்திட்டில் வேல்-ஸ்கேட் என்ற மணல்தீவு கடல்நாய்கள் அதிகமாக ஈனும் இடமாக இருந்தது. 1990களில் அது அரித்துப்போய் மறைந்தது. தாய்கள் டிரிக் என்னும் வேறொரு மணல்திட்டுக்கு நெருக்கமாகப் போய்ச் சேர, அங்கே கலாபகஸ் சுறாக்கள் கரையோரத்திலேயே குட்டிகளை அடிக்கத் தொடங்கின. பிறகு 2018இல் டிரிக்கும் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் வலாகா புயல் ஈஸ்ட் தீவையும் ஏறக்குறைய துடைத்தெடுத்தது. காலடி மண் கரைந்து கடலுக்குள் போவது என்னவென்று வள்ளவிளைக்காரர்களிடமும் இரயுமன்துறைக்காரர்களிடமும் கேட்டால் சொல்வார்கள்.

இயற்கையை அதன்போக்கில் விட்டுவிட வேண்டும், குட்டிகளைத் தூக்கிச் சுமப்பது மனிதர் வேலையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே பால்குடி மறந்த குட்டிகளைச் சுறா குறைவான திட்டுகளுக்கு மாற்றினார்கள். லேசான் தீவில் ஆண் கடல்நாய்கள் மிகுந்துபோய்ப் பெண் கடல்நாய்களைக் கூட்டமாகத் தாக்கிக் கொன்றபோது, 1994இல் 21 ஆண்களைப் பிடித்து வேறு தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். மெலிந்த குட்டிகளுக்கென்றே 2014இல் ‘கே காய் ஓலா’ என்ற மருத்துவமனையைத் திறந்து, தேற்றி, பிறந்த தீவுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இன்று உயிரோடிருக்கும் கடல்நாய்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு இத்தகைய உதவியால் பிழைத்தவையும் அவற்றின் வழிவந்தவையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு பத்தாண்டுகள் சரிந்த எண்ணிக்கை 2013 வாக்கில் நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது. ஒரு பெண் குட்டியைக் காப்பாற்றினால் அதன் பத்துப் பதினைந்து ஈற்றுகளையும் காப்பாற்றியதாகிறது என்பதால், சிறிய இனத்தில் இந்த உழைப்பு வீணாவதில்லை.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நம் கடலில் கடல்நாய் இல்லைதான். ஆனால் மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் ஒரு கன்று ஈனும் ஆவுளியா என்னும் கடற்பசு இருக்கிறது. அதற்காகப் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அரசு காப்பகமாக அறிவித்தது. அங்கேயும் கன்று பிழைப்பதே கணக்கு. நம் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் அப்படித்தான்.

அடுத்தது வலை. பசிபிக்கில் எங்கோ அறுந்த இழுவை மடியின் துண்டுகள் அந்த ஆளில்லாத் தீவுகளில் வந்து ஒதுங்குகின்றன. எதையும் முகர்ந்து, தலையை நுழைத்துப் பார்ப்பது குட்டிகளின் இயல்பு. கழுத்தில் மாட்டிய வளையம், குட்டி வளர வளர இறுகி அறுக்கும். ஆடி மாதக் கடலடி ஓய்ந்த பின் முட்டத்திலும் குளச்சலிலும் கரையேறிக் கிடக்கும் தங்கூசி என்னும் நைலான் நரம்பின் சுருள்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கழுத்துதான் நினைவுக்கு வருகிறது. கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்தால் எடைபோட்டு வாங்கிக்கொள்ளும் ஓர் இடம் ஒவ்வொரு மீன்பிடி துறைமுகத்திலும் வேண்டும் என்று நான் கேட்கிறேன். அதை நண்பரிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்துவிட்டு, “காசு குடுத்தா எவன் சார் கடல்ல போடுவான்?” என்றார்.