சேரியில் ஜமாபந்தி நடத்திய அதிகாரி

மனித உரிமை ஆணையமோ, பிற்படுத்தப்பட்டோர் ஆணையமோ, புதிய உறுப்பினராக ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் பெயர் அறிவிக்கப்படும்போதெல்லாம் பி.எஸ். கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். ஓய்வுக்குப் பிறகு அவரும் இத்தகைய ஆணையங்களில் இருந்தவர்தான். ஆனால் அந்த வேலையை அவர் முதல் பணியிடத்திலேயே தொடங்கிவிட்டார்.

1932இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1956இல் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகி ஆந்திரத்துக்குப் போனார்.

சிறு வயதில் அப்பாவோடு பட்டா மனு கொடுக்க, ஊர் நிலக் கணக்கைச் சரிபார்த்து மனுக்களை வாங்கும் வருடாந்திர ஜமாபந்திக்குப் போயிருக்கிறேன். பந்தலுக்கடியில் மேசை, அதன் பின்னால் அதிகாரிகள், பக்கத்து நாற்காலிகளில் ஊர்ப் பெரிய மனிதர்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, மேசைக்கு அருகில் போனதும் மனுவை முந்தானைக்குள் செருகிக்கொண்டு திரும்பிவிட்டார். யார் மேல் புகார் சொல்ல வந்தாரோ, அவரே அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார்.

இளம் அதிகாரி கிருஷ்ணன் மாற்றியது இந்த இடத்தைத்தான். தலித் குடியிருப்புகளில் முகாம் போட்டார், அங்கேயே தங்கினார், ஜமாபந்தியையும் அங்கேயே நடத்தினார். பெரிய மனிதர்களுக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால் அவர்கள்தான் சேரிக்கு நடந்து வர வேண்டும். இதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, ரகசியக் குறிப்பேட்டில் குற்றப் பட்டியல்: தாழ்த்தப்பட்டோர் மீது அளவுமீறிய பரிவு, கலப்பு மணத்துக்கு ஆதரவு, சமஸ்கிருதப் புலமையைக் கொண்டு மதத்தை மறுப்பது, கிராம அலுவலர்களைவிடக் கிராம மக்களின் பேச்சை நம்புவது. கடைசிக் குற்றச்சாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டியின் முந்தானைதான் கண்ணில் நிற்கிறது.

பிறகு டெல்லி. பட்டியல் சாதியினருக்கென அரசின் திட்ட நிதியில் தனிப் பங்கை ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டத்தை வடிவமைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1990இல் நலத்துறைச் செயலாளராக இருந்தபோது பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு கேட்ட மண்டல் பரிந்துரையை நடைமுறைக்குக் கொண்டுவந்த கோப்புகள் அவர் கையில் இருந்தன. இவை பலருக்கும் தெரியும். அவர் உழைத்து உருவான 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத்தான் எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன். உண்ணத் தகாததை வாயில் திணிப்பது, ஆடையைக் களைந்து ஊர்வலம் விடுவது, வீட்டைவிட்டும் ஊரைவிட்டும் துரத்துவது என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது அது. அப்படிப் பெயர் சொல்லாவிட்டால் காவல் நிலையத்தில் எல்லாமே வெறும் அடிதடி வழக்காகிவிடும். நான்காம் பிரிவு இன்னும் முக்கியம்: கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விடும் அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு. கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று உள்ளிருந்தே பார்த்தவர்களுக்குத்தான் அதன் அவசியம் புரியும். 1968இல் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரிக்கப்பட்ட வழக்கில் நிலக்கிழார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானதைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஓய்வுக்குப் பின் பட்டியல் சாதி, பழங்குடியினர் தேசிய ஆணையத்தில் உறுப்பினர். அடுத்து, பிற்படுத்தப்பட்டோர் தேசிய ஆணையத்தின் உறுப்பினர் செயலர். 2018இல் வன்கொடுமைச் சட்டத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நீர்த்துப்போகச் செய்தபோது அவருக்கு வயது 85. அப்போதும் அதை மீட்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். 2019 நவம்பரில் மறைந்தார்.

அரசுக்குள்ளேயே வாழ்ந்தவர் அரசை எப்படிக் கேள்வி கேட்பார் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1993ஆம் ஆண்டின் சட்டப்படி மனித உரிமை ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடியும், உத்தரவிட முடியாது. அதனாலேயே, பதவியில் இருந்த காலத்தில் மேலிடத்தின் முகம் சுளித்ததையும் பொருட்படுத்தாதவர்கள்தான் அங்கே உட்கார வேண்டும் என்கிறேன். இனி உறுப்பினர் நியமன அறிவிப்போடு, அவர் ஆட்சியராகவோ காவல் கண்காணிப்பாளராகவோ இருந்த மாவட்டங்களில் வன்கொடுமை வழக்குகள் என்னவாயின என்பதையும் அரசு வெளியிடட்டும்.