முழு மனப்பாடம் வேண்டாம்
கூச்ச சுபாவமுள்ள எழுத்தாளர்கள் மேடையில் பேசவேண்டிய உரையை முழுதாக மனப்பாடம் செய்துவிட்டால் பயம் போய்விடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒரு வார்த்தை நழுவினால் அடுத்த பத்தியே வராது. எழுத்து நடையில் வாக்கியம் நீளம் என்பதால் பாதியில் மூச்சும் வாங்கும். முதல் 2 வரி, முடிக்கும் வரி மட்டும் மனப்பாடம் இருந்தால் போதும். மற்றதை 5 குறிப்பாகக் கெட்டி அட்டையில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், மெல்லிய தாள் என்றால் கை நடுக்கம் மைக்கிலேயே சரசரக்கும். மேடையில் இருப்பவர்களின் பெயர் வரிசைக்குத் தனி அட்டை. நாக்கு குழறுவது பெரும்பாலும் அங்கேதான். மதுரை தமுக்கம் மாதிரிப் பெரிய இடங்களில் ஸ்பீக்கர் சத்தம் சற்றுத் தாமதித்துத் திரும்பி வந்து நம்மையே குழப்பும், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு நொடி நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து 4 விரற்கடை தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று அடிக்கும்.